மேற்கு ஜன்னல், ஏழு மணி நேரச் செய்தி: எந்த டிவி தாங்கும்?

திருச்சியிலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. புதிதாகக் கட்டிய வீடு. ஹால் 16 அடி நீளம், 12 அடி அகலம். கிழக்குச் சுவரில் டிவி, அதற்கு நேர் எதிரே மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல். டிவியிலிருந்து 10 அடியில் சோபா. அப்பாவின் சாய்வு நாற்காலி மட்டும் முன்னால், டிவியிலிருந்து 5 அடியில், நடுவிலிருந்து 4 அடி ஓரமாக. அப்பாவும் அம்மாவும் செய்தி, சீரியல் என்று தினமும் ஏழு மணி நேரம் பார்க்கிறார்கள். படுக்கப் போகும்போது அப்பா பிளக் பாயிண்டில் ஸ்விட்சை அணைத்துவிடுவார். மகனுக்கு பிளேஸ்டேஷன் 5. வாசகருக்கும் மனைவிக்கும் இரவு பத்து மணிக்கு மேல் படம். மாடியில் 14க்கு 11 அடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது.

சவுண்டும் சேர்த்து பட்ஜெட் 2 லட்சம். கடையில் 65 அங்குல ஓஎல்இடிக்கு 1.65 லட்சம், 75 அங்குல மினி எல்இடிக்கு 1.30 லட்சம் சொல்லியிருக்கிறார்கள். இப்போதுள்ள 43 அங்குல 4கே டிவியை எக்ஸ்சேஞ்சில் 4,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார்களாம். நண்பர் ஒருவரோ 15,000 ரூபாய் ப்ரொஜெக்டரே போதும் என்கிறார். "ஓஎல்இடி ரெண்டு வருஷத்துல போயிடும்னு சொல்றாங்க, நிஜமா? கியூஎல்இடியும் ஓஎல்இடியும் ஒண்ணுதானா? எல்லாரும் ஒண்ணா உக்காந்து படம் பாக்கணும், அதான் ஆசை. அம்மாவுக்கு மூட்டு வலி, மாடி ஏற மாட்டாங்க" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

ஜன்னல் எந்தப் பக்கம், அப்பா எங்கே உட்காருவார் என்பதுவரை டேப் பிடித்து எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் மாடல் நம்பரை மட்டும் எழுதி "இது நல்லதா?" என்று கேட்பார்கள். அதற்கு உருப்படியான பதில் சொல்லவே முடியாது. இருட்டறையில் அசத்துகிற டிவி, உங்கள் ஹாலில் மாலை நாலு மணிக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். எந்த டிவி என்பதை உங்கள் ஹாலும் வீட்டாரின் பழக்கமும்தான் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவை தெளிவாகவே சொல்கின்றன.

பெயர்க் குழப்பம் முதலில்

கியூஎல்இடியும் ஓஎல்இடியும் ஒன்றல்ல, உறவும் கிடையாது. எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி மூன்றும் அடிப்படையில் எல்சிடி டிவிகள். பின்னால் ஒரு விளக்கு எரியும். முன்னால் இருக்கும் திரவப் படிகம் கதவு மாதிரி திறந்து மூடி வெளிச்சத்தை விடும். அந்தக் கதவு முழுசாக மூடாது. மூடிய கதவின் இடுக்கில் கசிகிற வெளிச்சத்தால்தான் இருட்டுக் காட்சியில் கறுப்பு, சாம்பலாகத் தெரிகிறது. கியூஎல்இடி என்றால் அதே எல்சிடியில் நிறத்தை மேம்படுத்தும் குவாண்டம் டாட் படலம் ஒன்று கூடுதல், அவ்வளவுதான். மினி எல்இடி என்றால் பின்னால் இருக்கும் விளக்குகளை மிகச் சிறிதாக்கி, ஆயிரக்கணக்கில் அடுக்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் மங்கவைப்பது.

ஓஎல்இடியில் பின்விளக்கே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைந்த புள்ளி முழுக் கறுப்பு.

வித்தியாசத்தின் அளவு புரிய ஒரு கணக்கு. 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். 500 பகுதிகள் உள்ள மினி எல்இடியில் ஒரு பகுதிக்கு 16,000க்கு மேல் புள்ளிகள் வருகின்றன. இருட்டு வானத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் என்றால், அதற்காக அந்தப் பகுதி முழுவதும் எரிய வேண்டும். நட்சத்திரத்தைச் சுற்றி லேசான புகைமூட்டம் தெரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டில் வந்தாலும் அப்படித்தான். ஓஎல்இடியில் இந்தப் பிரச்சினை கிடையாது. இரவு பத்து மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும் படத்துக்கு ஓஎல்இடிக்கு நிகர் இல்லை. உங்கள் மனசு அதில் போய் நிற்பதில் தவறே இல்லை.

ஓஎல்இடி ரெண்டு வருஷத்தில் போய்விடுமா?

போகாது. நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. ஓஎல்இடியின் புள்ளிகள் எரிய எரியத் தேயும். எல்லாம் சமமாகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே படம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால்தான் அந்த இடம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து தழும்பு மாதிரி நிற்கும். படமும் வெப்சீரிஸும் கலந்து பார்க்கிற வீட்டில் பல வருஷம் ஒன்றும் ஆகாது.

ஆனால் உங்கள் வீட்டுக் கணக்கு வேறு. தினமும் ஏழு மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 2,555 மணி நேரம். அதில் செய்தி ஓடும் நேரமெல்லாம் மூலையில் சேனல் லோகோ, கீழே சிவப்புப் பட்டை, அதில் ஓடும் வெள்ளை எழுத்து. நம் செய்தி சேனல்களில் அந்தப் பட்டை திரையின் அடிப்பகுதியை விட்டு நகர்வதே இல்லை. பெரியவர்கள் சேனலையும் மாற்ற மாட்டார்கள். ஓஎல்இடியைத் தேய்ப்பதற்கென்றே அமைந்த பயன்பாடு இது.

இன்னொன்றையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. அப்பா பிளக் பாயிண்டில் அணைப்பது. ஓஎல்இடி டிவி, மொத்தமாகச் சுமார் நாலு மணி நேரம் ஓடி முடித்தபின், ரிமோட்டில் அணைத்து ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது, புள்ளிகளின் தேய்மானத்தைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும். அதற்குச் சில நிமிடம் மின்சாரம் வேண்டும். சுவரில் ஸ்விட்சை அணைத்தால் அந்த வேலை நடக்காது. தினமும் நடக்காவிட்டால் தழும்பு சீக்கிரம் விழும். சிவப்பு லைட் எரிந்தால் கரண்ட் ஓடும் என்று அப்பா நினைப்பார். அரை வாட் ஸ்டாண்ட்பை என்றால் வருஷம் முழுக்க ஓடினாலும் நாலரை யூனிட்கூட வராது. ஆனாலும் எழுபது வருஷப் பழக்கத்தை டிவிக்காக மாற்றச் சொல்வதைவிட, அந்தப் பழக்கத்தைத் தாங்குகிற டிவியை வாங்குவது நல்லது. மினி எல்இடிக்கு இரவில் இப்படி ஒரு வேலை கிடையாது. தாராளமாக அணைக்கட்டும்.

அதற்காக எல்சிடி சாகாவரம் பெற்றது என்று நினைத்துவிட வேண்டாம். பின்விளக்குப் பட்டைகள் போவதும், மின்னழுத்தம் எகிறி போர்டு கருகுவதும் அதிலும் உண்டு. எந்த டிவி வாங்கினாலும் சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள். இடி மின்னல் வரும்போல் இருந்தால், தொடங்குவதற்கு முன்பே டிடிஎச் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் பாதிப்பு பல வீடுகளில் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

மேற்கு ஜன்னல்

உங்கள் டிவியின் கண்ணாடி நேராக அந்த ஜன்னலைப் பார்க்கிறது. வெளிச்சமான ஹாலில் எந்த டிவியின் கறுப்பும், அதன் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பைவிடக் கறுப்பாக இருக்க முடியாது. ஓஎல்இடிக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்தக் கறுப்புக்குத்தான். மாலை மூன்றிலிருந்து ஆறுவரை அந்தப் பணம் ஜன்னல் வழியே போய்விடுகிறது. ஓஎல்இடியிலேயே கியூடி-ஓஎல்இடி என்ற வகைக்கு, வெளி வெளிச்சத்தின் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் படலம் முன்பக்கம் இல்லாததால், அறை வெளிச்சத்தில் அதன் கறுப்பு லேசாக ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். இருட்டில் அதே டிவியின் நிறம் அபாரம்.

இதோடு இன்னொன்று. திரை முழுக்க வெள்ளையாக வரும்போது, அதாவது பகல் வெளிச்சத்து கிரிக்கெட், செய்தி அரங்கு போன்ற காட்சிகளில், ஓஎல்இடி மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்தத் தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரும்பாலான மாடல்கள் அப்போது 150 முதல் 300 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரைதான் கொடுக்கும். நல்ல மினி எல்இடி 500க்கு மேல் கொடுக்கும். பகலில் அம்மா பார்க்கும் சீரியலுக்கு இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

எது வாங்கினாலும் அந்த ஜன்னலுக்கு இரட்டைக் கம்பி போட்டு, முன்னால் மெல்லிய துணி, பின்னால் பிளாக்அவுட் துணி என்று திரைச்சீலை தையுங்கள். ஜன்னல் விளிம்பைத் தாண்டி இரண்டு பக்கமும் 6 அங்குலமாவது துணி மறைக்க வேண்டும். துணி ஜன்னல் அளவோடு நின்றால் ஓரத்தில் ஒரு கோடு வெயில் விழும். அந்த ஒரு கோடு திரையில் தெரிந்தாலே கண் அங்கேதான் போகும்.

அப்பாவின் நாற்காலி

இது மட்டும் மினி எல்இடிக்கு எதிரான விஷயம். எல்சிடி பேனலில் இரண்டு வகை. விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனல் ஓரத்திலிருந்தும் நிறம் மாறாது, ஆனால் இருட்டில் கறுப்பு சாம்பலாகும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஐபிஎஸ்ஸில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால், விஏயில் மூவாயிரத்தைத் தாண்டும். இரவுப் படத்துக்கு விஏ வேண்டும். ஆனால் அப்பா உட்காரும் இடம் டிவியின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட 39 டிகிரி ஓரம். அங்கிருந்து விஏ வெளுத்துத்தான் தெரியும். ஓஎல்இடி என்றால் இந்தக் கவலை இல்லை.

வழி இருக்கிறது. அதே நாற்காலியைப் பக்கவாட்டில் நகர்த்தாமல், பின்னால் தள்ளி சோபா வரிசையிலேயே போட்டால் கோணம் 22 டிகிரியாகக் குறையும். அங்கே பெரிய வித்தியாசம் தெரியாது. அப்பா 5 அடியில் உட்காருவதற்குக் காரணம் 43 அங்குலத் திரையில் ஓடும் எழுத்து படிக்கச் சிரமமாக இருப்பதாகக்கூட இருக்கலாம். 75 அங்குலத்தில் 10 அடியிலிருந்தே படிக்கலாம். கேட்டுப் பாருங்கள். காதுதான் காரணம் என்றால் அதற்கு சவுண்ட்பாரில் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மாடி அறையும் ப்ரொஜெக்டரும்

மாடியில் ஒரு ஜன்னலை மறைத்தால் அறை இருட்டு. அங்கே 65 அங்குல ஓஎல்இடி பிரமாதமாக இருக்கும். கீழே பழைய டிவியில் செய்தி ஓடட்டும், தழும்புப் பயமும் இல்லை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுதான் மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் அம்மா மாடி ஏற மாட்டார் என்றும், எல்லோரும் சேர்ந்து பார்ப்பதுதான் ஆசை என்றும் நீங்களே எழுதிவிட்டீர்கள். முதல் மாதம் எல்லோரும் உங்களைக் கீழே வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள், அப்புறம் நீங்கள் இருவர் மட்டும் மேலே உட்கார்ந்திருப்பீர்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சத்தை மட்டும்தான் வீசும். விளக்கு எரியும் அறையில் திரை எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறதோ, அதுதான் அந்தப் படத்தின் கறுப்பு. 100 அங்குலத் திரையின் பரப்பு ஏறக்குறைய 30 சதுர அடி. 15,000 ரூபாய் கருவிகளின் பெட்டியில் 9,000 லூமன் என்று போட்டிருப்பார்கள். கேட்க வேண்டியது ஏஎன்எஸ்ஐ லூமன், அதாவது தரப்படுத்திய முறையில் அளந்த வெளிச்சம். அது 300 என்று வைத்தால், சாதாரணத் திரையில், கும்மிருட்டிலும் 35 நிட்தான் வரும். தியேட்டர் திரைக்கான தரமே 48 நிட். '4கே சப்போர்ட்' என்பதும் 4கே அல்ல. 4கே படத்தை வாங்கிக் குறைத்துக் காட்டும் என்று அர்த்தம். உங்கள் ஹாலுக்கு இது ஒத்துவராது.

என் முடிவு

ஹாலுக்கு 75 அங்குல விஏ மினி எல்இடி. 4கே திரைக்குப் பார்க்கும் தூரம், திரை அளவைப் போல் 1.2 முதல் 1.6 மடங்கு என்பது நல்ல கணக்கு. 75 அங்குலத்துக்கு ஏழரை அடி முதல் 10 அடி வரும். உங்கள் சோபா சரியாக 10 அடியில் இருக்கிறது. 65 அங்குலத்துக்கு ஏறக்குறைய எட்டே முக்கால் அடிக்குள் உட்கார வேண்டும், உங்கள் ஹாலுக்கு அது சின்னது. சினிமா பார்க்கிற உணர்வில் அளவுக்கும் பெரிய பங்கு உண்டு.

பழைய 43 அங்குல டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். 4,000 ரூபாய்க்கு வேறு 4கே டிவி கிடைக்குமா? அதை மாடி அறையில் மாட்டி பிளேஸ்டேஷனை அங்கே வைத்தால், சீரியல் நேரத்தில் மகனும் பாட்டியும் ரிமோட்டுக்குச் சண்டை போட வேண்டாம்.

பணத்தைப் பிரிப்பது இப்படி: டிவி 1,30,000, தனி சப்வூஃபர் உள்ள சவுண்ட்பார் 45,000, திரைச்சீலை 12,000, சுவர் வேலை, வயரிங், சர்ஜ் புரொடெக்டர் 8,000. ஐயாயிரம் கையில் நிற்கும்.

கடையில் பணம் கட்டுவதற்கு முன்

'மினி எல்இடி' என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனை டிம்மிங் பகுதிகள், அதாவது தனித்தனியாக மங்கவைக்கும் பகுதிகள், என்று கேளுங்கள். 75 அங்குலத்தில் சில நூறாவது இருக்க வேண்டும். எண்ணைச் சொல்ல மறுத்தால் வேறு மாடல் பாருங்கள். ஒரே மாடல் வரிசையில் 65 அங்குலம் விஏயாகவும் 75 அங்குலம் ஐபிஎஸ்ஸாகவும் வருவது உண்டு. அதனால் நீங்கள் வாங்கும் அதே அளவைப் போட்டுக் காட்டச் சொல்லி, 45 டிகிரி ஓரம் போய் நின்று பாருங்கள். நிறம் வெளுத்தால் விஏ.

கடை டிவிகள் எல்லாம் கண்ணைப் பறிக்கும் ஷோரூம் மோடில் ஓடும். ஹோம் மோடுக்கு மாற்றி, சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடு போடச் சொல்லுங்கள். ஒரு பென்டிரைவில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து மெதுவாக மேலே ஏறும் டைட்டில் காட்சி ஒன்றைக் கொண்டுபோங்கள். எழுத்தைச் சுற்றிப் பனி மாதிரி அதிகமாகப் படர்ந்தாலோ, எழுத்து நகரும்போது பின்னால் வெளிச்சம் தாவித் தாவி வந்தாலோ, அந்த மாடல் வேண்டாம்.

திரையின் நிஜ வேகம் 120 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 120 முறை படம் புதுப்பிப்பதாக, இருக்கட்டும். 'மோஷன் ரேட் 240' போன்ற எண்கள் விளம்பரம். சினிமா விநாடிக்கு 24 சட்டகம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் என்று மாறி மாறி வரும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் தட்டித் தட்டிப் போவது அதனால்தான். 120இல் ஒவ்வொன்றும் சமமாக ஐந்து முறை.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பில்லில் அந்த வரியைப் பாருங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும், பேனலுக்கு எத்தனை வருஷ வாரண்டி என்பது எழுத்தில் இருக்கட்டும். பெட்டி பிரிப்பதை முதலிலிருந்து மொபைலில் வீடியோ எடுங்கள். குறையுள்ள டிவியை மாற்ற மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள், மனு போடலாம். 5 லட்சம்வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

மாட்டும்போது

நம் ஊரில் டிவியை சாமி படம் மாதிரி உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள், கழுத்து வலிக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து 40 முதல் 42 அங்குலம். டிவியின் நடு 44 அங்குலத்தில் இருந்தால் போதும். 75 அங்குல டிவியின் உயரம் ஏறக்குறைய 37 அங்குலம், ஆக அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 25 அல்லது 26 அங்குலத்தில் வரும். கொத்தனாரிடம் "நாலடி" என்று சொல்லாமல், சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டுங்கள். ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரண பிளாஸ்டிக் பிளக் இந்தக் கனத்தைத் தாங்காது. பசை ஊற்றி இறுக்கும் கெமிக்கல் ஆங்கர் வேண்டும். சுவருக்குள் 2 அங்குல பிவிசி பைப் ஒன்றை இப்போதே புதைத்துவிடுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் என்றைக்காவது மாற்ற வேண்டி வரும், அதன் தலை சிறு பைப்பில் நுழையாது.

இன்வெர்ட்டர் லைனில் இணைப்பதானால் சைன்வேவ் இன்வெர்ட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் வேண்டாம்.

சவுண்ட்பாரை 'இ-ஆர்க்' என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில்தான் செருக வேண்டும். வேறு துளையில் செருகிவிட்டு சத்தம் வரவில்லை என்பார்கள். டிவியின் ஆடியோ அமைப்பில் 'பாஸ்த்ரூ' தேர்ந்தெடுங்கள், டிவி சத்தத்தை மாற்றாமல் அப்படியே சவுண்ட்பாருக்கு அனுப்பும். வாங்கும்போது நடுவில் தனி சென்டர் ஸ்பீக்கர் உள்ளதாகப் பாருங்கள். வசனம் அதிலிருந்துதான் வரும். 'கிளியர் வாய்ஸ்', 'டயலாக்' போன்ற பெயரில் வசனத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும் வசதி இருந்தால், அப்பா 10 அடி தள்ளி உட்கார்ந்தாலும் செய்தி தெளிவாகக் கேட்கும்.

படத்துக்கு சினிமா மோடு, லோக்கல் டிம்மிங் 'ஹை', மோஷன் ஸ்மூத்திங் (அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்குவது) அணைப்பு, நிறம் 'வார்ம்'. முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாக இருப்பதுபோல் தோன்றும், கண் பழகிவிடும். பகலுக்கு வேறு மோடில் பின்விளக்கை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பார்க்கும் செய்தி சேனல் எஸ்டியில் (எச்டியைவிடக் குறைந்த தெளிவில்) வந்தால் 75 அங்குலத்தில் பிசிறடிக்கும், "பழைய டிவியே தேவலை" என்பார். டிவி வந்து இறங்குவதற்கு முன்பே அந்த சேனலுக்கு எச்டி இருக்கிறதா என்று டிடிஎச்சில் கேட்டு, பேக்கை மாற்றி வைத்துவிடுங்கள்.